ஷிப்ட் மாறினாலும் ஜெபம் நிற்காமல் இருக்க

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் 12 மணி நேர ஷிப்ட் பார்ப்பவருக்கு, "தினமும் காலை 5 மணிக்கு எழுந்து ஜெபியுங்கள்" என்ற புத்திமதி பாதி மாதம்தான் உதவும். மீதிப் பாதியில் அந்த 5 மணிக்கு அவர் மெஷின் முன்னால் நிற்கிறார். இரண்டு வாரம் விட்டுப்போகும். மூன்றாவது வாரம் "நமக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று மனம் சொல்லிவிடும். அவருடைய விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை, ஜெபத்தைக் கடிகாரத்தோடு கட்டியதுதான் தப்பு. எந்த ஷிப்டிலும் தவறாமல் செய்கிற ஒரு காரியத்தோடு அதைக் கட்டுங்கள்.

எழுந்து முகம் கழுவியதும், கைப்பேசியைத் தொடுவதற்கு முன். அதுதான் நேரம். அப்போது காலை 5 மணியாகவும் இருக்கலாம், மாலை 4 மணியாகவும் இருக்கலாம். மாலையில் நாளைத் தொடங்குவது வேதத்துக்குப் புதிதல்ல. ஆதியாகமம் முதல் அதிகாரம் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்றுதான் நாள்களை எண்ணுகிறது. இரவு ஷிப்டுக்குக் கிளம்புகிறவர்கள் 134-ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டுப் போகலாம். மூன்றே வசனம், இராக்காலத்தில் ஆலயத்தில் நிற்கும் ஊழியக்காரரைப் பார்த்துச் சொன்னது.

15 நிமிடம் போதும். 1 நிமிடம் அமைதி, 4 நிமிடம் ஒரு சங்கீதம், 6 நிமிடம் ஓர் அதிகாரம், 4 நிமிடம் ஜெபம். சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். தூக்கம் போதாத உடம்பில் கண் வரிமேல் ஓடும், மனம் எங்கோ நிற்கும். வாய்விட்டு வாசித்தால், குரல் தடுமாறும்போது தெரிந்துவிடும். கட்டிலில் உட்கார்ந்து செய்யாதீர்கள். சமையலறை மேசையும் ஒரு நாற்காலியும் நல்லது.

அதிகாரம் எது? பலர் ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் தொடங்கி ஒரு வருடத்தில் வேதாகமம் முழுவதையும் முடிக்கப் பார்க்கிறார்கள். மொத்தம் 1,189 அதிகாரங்கள், ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல். அந்த வேகத்தில் போனால் ஜனவரி 20-ஐத் தாண்டியதும் யாத்திராகமம் 25 வரும். ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள், பலகைகள், திரைகள். அடுத்து லேவியராகமம். ஓவர்டைம் அதிகமான மாதமாக இருந்தால் அங்கேயே நின்றுபோகும். ஷிப்ட் வேலைக்காரருக்குப் புதிய ஏற்பாடு பொருத்தமான தொடக்கம். அதில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு 5 வாசித்தால் 52 வாரத்தில் முடியும், வாரத்தில் இரண்டு நாள் கையில் மிச்சமும் இருக்கும். அந்த இரண்டு நாளும் விட்டுப்போவதற்காக ஒதுக்கியவை. அதற்கும் மேல் விட்டுப்போனால் பழைய அதிகாரங்களைத் துரத்திப் பிடிக்காதீர்கள், அடையாளம் வைத்த இடத்திலிருந்து தொடருங்கள். கடனைப்போல் சேர்ந்த வாசிப்பை யாரும் ஆசையோடு திறப்பதில்லை.

தமிழ்ப்பள்ளிக்குப் போகாமல் தேசியப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பழைய திருப்புதலின் (பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பின்) நடை கடினம். அதற்காக வெட்கப்பட வேண்டாம். புரிகிற மொழியில் ஒருமுறை வாசித்துவிட்டு, அதே அதிகாரத்தைத் தமிழ் ஒலிப்பதிவில் கேளுங்கள். பிள்ளைகளோடு செய்யும் குடும்ப ஜெபத்துக்கும் இதே வழிதான். பெரியவர் தமிழில் வாசிக்கட்டும், பிள்ளை தன் கையிலுள்ள மலாய் அல்லது ஆங்கில வேதாகமத்தில் விரல் வைத்துத் தொடரட்டும். 10 நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். நீளமான ஜெபத்தில்தான் பிள்ளைகள் அடுத்த நாள் தலைவலி என்று சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் பேக்டரி பஸ்ஸில் வருபவர்களுக்குப் பினாங்குப் பாலம் ஒரு நல்ல ஜெப அறை. 13.5 கிலோமீட்டர். பாலம் ஏறியதும் கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றிவிட்டு, வீட்டார், சபை, உடன் வேலை செய்பவர்கள் என்று பெயர் சொல்லி ஜெபியுங்கள். நெரிசலில் நின்றால் பட்டியல் இன்னும் நீளும். மோட்டாரில் போகிறவர்கள் காதில் எதையும் மாட்டாதீர்கள். பாலத்தில் பக்கக் காற்று பலமாக அடிக்கும், பின்னால் வரும் லோரியின் சத்தம் கேட்க வேண்டும். மனப்பாடமான சங்கீதத்தைத் தலைக்கவசத்துக்குள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போகலாம்.

மனப்பாடம் இன்னொரு காரணத்துக்காகவும் அவசியம். தொழிற்சாலையின் தூசி புகாத அறையான கிளீன்ரூமில் சாதாரணக் காகிதம் கொண்டுபோக முடியாது, கைப்பேசிக்கும் பல இடங்களில் தடை. உள்ளே போகும் வசனம் தலைக்குள் இருப்பது மட்டும்தான். வாரத்துக்கு ஒரு வசனம் எடுங்கள். முதல் நாள் கையால் எழுதி, சொற்றொடராகப் பிரித்துப் பத்து முறை சொல்லுங்கள். இரண்டாம் நாள் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தை மட்டும் எழுதி, அதைப் பார்த்துச் சொல்லுங்கள். மூன்றாம் நாளிலிருந்து பார்க்காமல். 121-ஆம் சங்கீதத்தில் 8 வசனம், 8 வாரம். பலர் தவறுவது வாரம் மூன்று வசனம் என்று தொடங்கும்போதுதான். புதியது ஏற ஏற பழையது உதிர்ந்துவிடும். ஞாயிறுதோறும் பழைய வசனங்கள் எல்லாவற்றையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

ஞாயிறு ஆராதனையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், விசுவாசம் மெல்லக் கசிவது இங்கேதான். ஷிப்ட் அட்டவணை கைக்கு வந்த அன்றே, வேலை விழும் ஞாயிறுகளை வட்டமிடுங்கள். கத்தோலிக்கர்களுக்குச் சனிக்கிழமை மாலைத் திருப்பலி ஞாயிறு கடனை நிறைவேற்றும். மற்ற சபையார் அந்த வாரத்து வீட்டுக் கூட்டத்தையோ உபவாச ஜெபத்தையோ முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். அட்டவணையின் ஒரு பிரதியைப் போதகரிடமோ குழுத் தலைவரிடமோ கொடுத்து வையுங்கள். கொடுக்காவிட்டால் நீங்கள் வராததை அவர்கள் சோர்வு என்று நினைப்பார்கள், அவர்கள் விசாரிக்காததை நீங்கள் அலட்சியம் என்று நினைப்பீர்கள். நேரலை ஆராதனை ஒரு வாரத்துக்குக் கைகொடுக்கும். தொடர்ந்து மூன்று வாரம் அதிலேயே இருந்தால் எச்சரிக்கையாகுங்கள்: உங்கள் கண்ணீரை யாரும் பார்க்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தவரின் பாரத்தை நீங்களும் அறியவில்லை.

பெரிய வெள்ளிக்கு சபா, சரவாக்கில் பொது விடுமுறை உண்டு, பினாங்கில் இல்லை. வருடத் தொடக்கத்திலேயே விடுப்பு எழுதிக் கொடுங்கள். நோன்புப் பெருநாளிலும் தீபாவளியிலும் சீனப் புத்தாண்டிலும் மற்றவர்களுக்காக நீங்கள் ஷிப்ட் எடுத்திருந்தால், உங்களுக்காக நிற்க ஆள் கிடைக்கும். ஜூலை 26 புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் புக்கிட் மெர்தாஜாம் போகிறவர்கள், அன்று லீவு கிடைக்காவிட்டால் அதற்கு முந்தைய நவநாளில் (ஒன்பது நாள் ஜெபத்தில்) ஒரு மாலையைப் பிடித்துக்கொள்ளலாம்.

நம்மில் பலருக்குச் சொந்தபந்தம் பாதி இந்துக் குடும்பம். பூஜைக்கு வைத்த சாப்பாட்டைப் பந்தியில் மறுத்தால் பெரியம்மா முகம் வாடும், வாங்கினால் உங்கள் மனம் உறுத்தும். 1 கொரிந்தியர் 8-ஆம் 10-ஆம் அதிகாரங்களை அமைதியாக ஒருமுறை வாசியுங்கள். முன்னால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடவும், படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனச்சாட்சிக்காக விலகவும் பவுல் சொல்கிறார். சபைக்குச் சபை வழக்கம் வேறுபடும், உங்கள் போதகரைக் கேளுங்கள். எதுவானாலும் பந்தியில் பேசாதீர்கள். இரண்டு நாள் முன்பே பெரியம்மாவுக்குப் போன் செய்து, "படைக்கிறதுக்கு முன்னாலேயே எனக்குக் கொஞ்சம் எடுத்து வச்சிடுங்க பெரியம்மா" என்று கேளுங்கள். சாவு வீட்டுக்குக் கட்டாயம் போங்கள். சடங்கு நடக்கும்போது வெளியே நின்றாலும், நாற்காலி போடவும் தேநீர் ஊற்றவும் கை வேண்டும். அங்கே போகாமல் இருந்துவிட்டு நாம் அன்பைப் பற்றிப் பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஜெபமே வராத நாள்கள் வரும். முதலில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று பாருங்கள். 1 இராஜாக்கள் 19-இல், சாக வேண்டும் என்று கேட்ட எலியாவுக்குத் தூதன் முதலில் அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். அவன் சாப்பிட்டு, மறுபடி படுத்து, மறுபடி சாப்பிட்டான். அதற்குப் பிறகுதான் ஓரேப் மலையும், அங்கே அவன் கேட்ட தேவனுடைய மெல்லிய சத்தமும். தூக்கமும் பசியும் இல்லாமல் மனபாரம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கிளினிக்குக்குப் போங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

பல மாதம் விட்டுப்போனவர் நேரே 15 நிமிடத்துக்குத் திரும்ப வேண்டாம். முதல் வாரம் 4 நிமிடம், 130-ஆம் சங்கீதம் மட்டும், ஏழு நாளும் அதுவே. விடியலுக்குக் காத்திருக்கும் ஜாமக்காரர் அதில் வருகிறார். இரவு ஷிப்ட் பார்த்தவருக்கு அந்த வரியை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது வாரம் மாற்கு முதல் அதிகாரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.