அமெரிக்காவில் பால்புதுமையர்கள் கட்டுப்படியாகும் மருத்துவக் காப்பீடு எடுப்பது எப்படி?

ஒபாமாகேர் என்று எல்லோரும் சொல்கிற மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 2010இல் வந்தது. அதற்கு முன்பெல்லாம், எச்ஐவி இருக்கிறது என்றோ ஹார்மோன் எடுத்துக்கொள்கிறார் என்றோ பழைய மருத்துவப் பதிவில் இருந்தால், தனியாக இன்சூரன்ஸ் வாங்கப் போனவரைப் பெரும்பாலான மாநிலங்களில் கம்பெனிக்காரர்கள் நேராகவே திருப்பி அனுப்ப முடிந்தது. 2014 முதல் அது செல்லாது, ஏற்கெனவே இருக்கும் நோயைக் காட்டி மறுக்கவும் கூடாது, பிரீமியத்தை ஏற்றவும் கூடாது. ஆனால் சட்டத்தில் இருக்கிற உரிமை தானாக நம் கைக்கு வந்து சேர்வதில்லை. எந்தத் தாளைப் படிக்க வேண்டும், யாரிடம் எதை எழுத்தில் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால்தான் வரும்.

முதலில் உங்கள் குடும்பக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மார்க்கெட்பிளேஸுக்கு, அதாவது அந்தச் சட்டப்படி தனிநபர்கள் காப்பீடு வாங்கும் அரசுச் சந்தைக்கு, குடும்பம் என்றால் வரித் தாக்கலில் சேர்ந்து வருபவர்கள், அவ்வளவுதான். உச்ச நீதிமன்றத்தின் 2015 ஜூன் 26 தீர்ப்புக்குப் பிறகு தன்பால் திருமணம் எல்லா மாநிலங்களிலும் செல்லும் என்பதால், திருமணம் செய்துகொண்டவர்கள் பொதுவாகச் சேர்ந்து வரித் தாக்கல் செய்தால்தான் பிரீமியத்துக்கான அரசு உதவி கிடைக்கும். திருமணம் செய்யாமல் எத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தாலும் பொதுவாகத் தனித்தனிக் கணக்குதான். பார்ட்னரின் ஆபீஸ் இன்சூரன்ஸில் சேர இடமிருந்தால் சேரலாம், ஆனால் கம்பெனி உங்களுக்காகக் கட்டும் பங்கைப் பொதுவாக அவருடைய சம்பளத்தோடு சேர்த்து மத்திய வரி பிடிப்பார்கள், அதையும் கூட்டிப் பாருங்கள். வீட்டில் சண்டையாகி வெளியே வந்த இளையவர்கள் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: பெற்றோர் உங்களை இன்னும் தங்கள் வரிக் கணக்கில் சார்ந்தவராகக் காட்டுகிறார்களா? காட்டினால் அவர்கள் வருமானமும் உங்கள் விண்ணப்பத்தில் வந்து உட்காரும்.

அடுத்த ஆண்டுக்கான பிளானில் சேர நவம்பர் 1 முதல் வழி திறக்கும். முடிவு நாள் மாநிலத்தைப் பொறுத்து மாறும், டிசம்பர் 15க்குள் முடித்துவிட்டால் ஜனவரி 1 அன்று காப்பீடு தொடங்கிவிடும். வேலை போனது, திருமணம், 26 வயது முடிந்து பெற்றோர் பிளானிலிருந்து வெளியேறுவது, இதற்கெல்லாம் 60 நாள் தனி அவகாசம் உண்டு. எச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவர்களும் பிளான் வாங்கலாம், ஆனால் 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி 2027 முதல் அவர்களுக்குப் பிரீமியம் உதவி கிடையாது. வருமானம் வறுமைக் கோட்டின் 138 சதவீதத்துக்குள் என்றால் 40 மாநிலங்களிலும் வாஷிங்டன் டிசியிலும் மெடிக்கெய்டு, அதாவது குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசுக் காப்பீடு, பொதுவாக உண்டு, வருடத்தின் எந்த நாளிலும் விண்ணப்பிக்கலாம். டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற இடங்களில் 100 சதவீதத்துக்கும் கீழே சம்பாதிப்பவர்களில் பலருக்கு அதுவும் இல்லை, பிரீமியம் உதவியும் இல்லை. வீட்டையும் வேலையையும் சேர்த்து இழந்த ஒருவர் நேராக விழுவது இந்தப் பள்ளத்தில்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறுவதில்லை. நீங்கள் அந்த நிலையில் இருந்தால் கீழே கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள்.

பிளான் எடுக்கும்போது பிரீமியத்தை மட்டும் பார்க்காதீர்கள். வருமானம் வறுமைக் கோட்டின் 250 சதவீதத்துக்குள் இருந்தால் மார்க்கெட்பிளேஸின் 'சில்வர்' வகைப் பிளான்தான் என் பரிந்துரை, டிடக்டிபிளும் (காப்பீடு தரத் தொடங்கும் முன் நாம் கட்டும் தொகை) கோபேயும் (ஒவ்வொரு முறையும் நாம் கட்டும் பங்கு) குறையும் சலுகை பொதுவாக அதில் மட்டும்தான் உண்டு. அப்புறம், உங்கள் டாக்டர் பிளானின் நெட்வொர்க்கில் (அதோடு ஒப்பந்தம் உள்ளவர்களில்) இருக்கிறாரா, உங்கள் மருந்து அதன் மருந்துப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். திருநங்கைகளும் திருநம்பிகளும் இதோடு நிற்கக் கூடாது. சுருக்கத் தாளை விட்டுவிட்டு முழு ஒப்பந்த ஆவணத்தைக் கேட்டு வாங்கி, 'எவை சேராது' என்ற பகுதியை வரி வரியாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் 2025இல் வந்த மத்திய விதி பால்மாற்றச் சிகிச்சையை 2026 பிளான்களில் அத்தியாவசியப் பலன்களின் (பிளான்கள் கட்டாயம் தர வேண்டியவற்றின்) பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பிளான் அதைத் தரக் கூடாது என்று அந்த விதி சொல்லவில்லை, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களின் சட்டமும் வேறு மாதிரி. ஆகவே ஊருக்கு ஊர், பிளானுக்குப் பிளான் பதில் மாறும். போனில் 'கவர் ஆகும்' என்று ஒருவர் சொன்னால் போதாது, எழுத்தில் கேளுங்கள்.

இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மிக முக்கியமான விஷயம். 26 வயது வரை பெற்றோர் பிளானில் இருக்கலாம், செலவும் குறைவு. ஆனால் நீங்கள் எந்த டெஸ்ட் எடுத்தாலும் அதன் விவரத்தாள் பொதுவாகப் பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகும், அதாவது அப்பாவின் தபால் பெட்டிக்கு. இந்தப் பயத்திலேயே எச்ஐவி டெஸ்ட் எடுக்காமல் இருப்பவர்கள் உண்டு. இதற்கு வழி இருக்கிறது: தகவல் வெளியே போனால் எனக்கு ஆபத்து வரலாம், ஆகவே என் தாள்களை வேறு முகவரிக்கோ ஆன்லைன் கணக்குக்கோ அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்தால், ஹிப்பா என்ற மத்திய மருத்துவ ரகசிய விதிப்படி நியாயமான அந்தக் கோரிக்கையைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றாக வேண்டும். கலிஃபோர்னியாவில் 2022 ஜூலை முதல் ஆபத்து என்று காரணம் சொல்லக்கூடத் தேவையில்லை. டெஸ்டுக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள், நிறுவனம் ஏற்றுக்கொண்டது என்று பதில் வரும் வரை காத்திருங்கள்.

ப்ரெப், அதாவது எச்ஐவி வராமல் தடுக்கும் மருந்து, பெரும்பாலான பிளான்களில் இலவசம். அதோடு போகும் டாக்டர் சந்திப்பு, சிறுநீரக டெஸ்ட், எச்ஐவி டெஸ்ட் எல்லாமும் இலவசமாக இருக்க வேண்டும் என்று 2021 ஜூலையில் அரசு தெளிவாகவே சொல்லிவிட்டது. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றமும் தடுப்புச் சேவைகளை இலவசமாகத் தரும் இந்த ஏற்பாட்டைக் காப்பாற்றிக் கொடுத்தது. அப்படியும் லேப் பில் வந்தால் உடனே கட்டிவிடாதீர்கள். தடுப்புச் சேவை என்ற பில்லிங் குறியீடு போடாமல் பில் போயிருக்கலாம், டாக்டர் ஆபீஸில் திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். ஒரு திருநம்பியின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் டெஸ்டை, 'ஆணுக்கு எதற்கு இது' என்று கம்ப்யூட்டர் தள்ளிவிடுவதும் இதே வகைதான். பில்லிங் பிரிவில் 'கேஎக்ஸ் மாடிஃபையர்' (பாலினம் பொருந்தாதது பிழையல்ல என்று காட்டும் குறி) போட்டு அனுப்பச் சொன்னால் முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் சரியாகும், தனியார் நிறுவனங்கள் பலவும் ஏற்றுக்கொள்கின்றன.

மறுப்புக் கடிதம் வந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். 180 நாளுக்குள் முறையீடு செய்யலாம், சிகிச்சைக்கு முந்தைய கோரிக்கை என்றால் 30 நாளிலும் அவசரம் என்றால் 72 மணி நேரத்திலும் பதில் தர வேண்டும். டாக்டரின் கடிதத்தில் உங்கள் மருத்துவ வரலாறும் அவர்கள் காட்டிய காரணத்துக்கு நேரான பதிலும் இருக்கட்டும். அதையும் மறுத்தால், மருத்துவக் காரணம் காட்டிய மறுப்புகளுக்கு நான்கு மாதத்துக்குள் வெளி ஆய்வு கேளுங்கள். சம்பந்தமில்லாத மூன்றாம் தரப்பு பார்த்துச் சொல்லும் அந்த முடிவுக்குக் கம்பெனி கட்டுப்பட வேண்டும்.

காப்பீடே இல்லையென்றால், மத்திய அரசின் உதவியோடு நடக்கும் சமூக சுகாதார மையங்களுக்குப் போங்கள். பணம் இல்லை என்பதற்காக அவர்கள் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, வறுமைக் கோட்டின் 200 சதவீதம் வரை வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் குறையும். பாஸ்டனில் ஃபென்வே ஹெல்த், நியூயார்க்கில் காலன்-லார்ட், சிகாகோவில் ஹோவர்ட் பிரவுன், வாஷிங்டனில் விட்மன்-வாக்கர் எல்லாம் பால்புதுமையர்களுக்காகவே வளர்ந்த மையங்கள். எச்ஐவி இருப்பவர்கள் ரயன் வைட் என்ற மத்திய அரசு உதவித் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள், மருந்துச் செலவு வரை அது தாங்கும். முதல் முறை போகும்போது சம்பளச் சீட்டு இருந்தால் எடுத்துச் செல்லுங்கள், வருமானமே இல்லையென்றால் அதையும் சொல்லலாம், எழுதிக் கையெழுத்துப் போடப் படிவம் கொடுப்பார்கள்.