செமஸ்டருக்கு முந்தைய மூன்று மாதங்கள்: முதுகலை மாணவருக்கான பணக்கணக்கும் வேலை தேடலும்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்திலிருந்து முதுகலைப் படிப்புக்காகச் சிலாங்கூருக்கோ பினாங்குக்கோ புறப்படும் மாணவர்கள், மாதம் எவ்வளவு செலவாகும் என்பதைப் பெரும்பாலும் சரியாகவே கணக்கிடுகிறார்கள். கட்டணமும் அறை முன்பணமும் எந்தத் தேதியில் போகும், முதல் உதவித்தொகை எந்தத் தேதியில் வரும், இரண்டுக்கும் நடுவில் எத்தனை வாரம் என்பதைத்தான் பார்க்கத் தவறுகிறார்கள். நான் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தபோது முதல் மாத உதவித்தொகை மூன்றாவது மாதத்தில்தான் கைக்கு வந்தது. யாரும் ஏமாற்றவில்லை, கையொப்பமிட வேண்டிய தாள் ஒன்று ஒரு மேசையில் கிடந்தது. அந்த இடைவெளியைத் தாண்டுவதற்கான வழியே இந்த விளக்கம். அக்டோபரில் செமஸ்டர் தொடங்குகிறது, இப்போது ஜூலை என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: ஒரு 555 புத்தகம் வாங்குங்கள்

மளிகைக் கடையில் கடன் எழுதப் பயன்படும் அந்தச் சிறிய 555 புத்தகத்தை அறியாத தோட்டக் குடும்பம் இருக்காது. தேதி, பொருள், தொகை என்று எழுதிவைத்துச் சம்பள நாளன்று கணக்குத் தீர்ப்பார்கள். கைப்பேசிச் செயலிகள் வகை வகையாகப் பிரித்து வண்ணப்படம் காட்டும். ஆனால் நமக்கு இப்போது வேண்டியது தேதிவாரியான வரிசை மட்டுமே, அதற்கு அந்தப் புத்தகம் போதும். இடப்பக்கத்தில் போகும் பணத்தையும் வலப்பக்கத்தில் வரும் பணத்தையும் எழுதுங்கள். தேதி தெரியாத எந்தத் தொகையையும் வலப்பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

படி 2: போகும் பணத்தைத் தேதியோடு எழுதுங்கள்

சேர்க்கைக் கடிதத்தில் உள்ள கட்டணத்தை அப்படியே எடுத்தெழுதுங்கள். எடுத்துக்காட்டாக, முதல் செமஸ்டர் கட்டணம் 2,100 ரிங்கிட் என்று கொள்வோம். அடுத்தது அறை. 450 ரிங்கிட் வாடகை என்றால், குடிபுகும் நாளில் 450 மட்டும் போதாது. இரண்டு மாத முன்பணமும் மின்சாரம், தண்ணீருக்கான அரை மாத முன்பணமும் கேட்பது பரவலான வழக்கம் என்பதால், அன்றைக்கே 1,575 ரிங்கிட் தேவைப்படும். உணவுக்கு நாளொன்றுக்கு 20 ரிங்கிட் வீதம் மாதம் 600. முதல் மாதப் போக்குவரத்துக்கும் சில்லறைச் செலவுக்கும் 150, பிறகு மாதம் 100. கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் தங்குவோர், 50 ரிங்கிட்டுக்கு 30 நாள் ரயிலிலும் பேருந்திலும் போய்வர உதவும் மை50 அட்டையை எடுத்துக்கொண்டால் இதற்குள் அடக்கிவிடலாம்.

ஆக, அக்டோபரில் 4,425 ரிங்கிட். நவம்பரிலும் டிசம்பரிலும் தலா 1,150. டிசம்பர் முடியும்வரை மொத்தம் 6,725 ரிங்கிட்.

இளங்கலைக்கு பிடிபிடிஎன் எனப்படும் அரசாங்க உயர்கல்விக் கடன் வாங்கியவர்கள் இன்னொரு வரியையும் எழுத வேண்டும். மேற்படிப்பில் சேர்ந்துவிட்டீர்கள் என்பதற்காகக் கடன் தவணை தானாக நின்றுவிடாது. ஒத்திவைக்கும்படி நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த வாரத்திலேயே அதைச் செய்துவிடுங்கள்.

படி 3: வரும் பணத்தைக் கூட்டாமல் அடுக்குங்கள்

கையிருப்பு 2,400 ரிங்கிட் என்போம். ஜூலை முதல் செப்டம்பர்வரை குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒரு முழுநேர வேலை கிடைக்கிறது. 2025ஆம் ஆண்டிலிருந்து அது மாதம் 1,700 ரிங்கிட். இபிஎஃப் எனப்படும் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட், பிடிக்கப்படும். சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் வேலைக் காப்புறுதிக்கும் மேலும் சில ரிங்கிட் போக, கைக்கு ஏறத்தாழ 1,500 வரும். வீட்டுக்கு 500, மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கு (பெட்ரோலுக்கு) 150 கொடுத்தால் மாதம் 850 மிஞ்சும். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு வீட்டுக்கு ஒன்றும் கொடுக்காமல் சேமிக்கலாம் என்று சிலர் சொல்லக்கூடும். தாய் தந்தையர் செம்பனைத் தோட்டத்தில் உழைக்கும் வீட்டில் அது கணக்குக்குச் சரியாக வந்தாலும் மனத்துக்குச் சரியாக வராது என்பதால் நான் அந்த 500ஐ விட்டே கணக்கிடுகிறேன்.

மூன்று மாதச் சேமிப்பு 2,550. கையிருப்போடு சேர்த்தால் 4,950. தேவை 6,725 என்பதால் பற்றாக்குறை 1,775 ரிங்கிட்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். வேலைவாய்ப்புச் சட்டப்படி ஒரு மாதச் சம்பளத்தை, அந்தச் சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே செப்டம்பர் சம்பளம் அக்டோபர் 7ஆம் தேதியை ஒட்டித்தான் வரக்கூடும். பதிவு நாளன்று உங்கள் கையில் இருப்பது 4,100 மட்டுமே; கட்டணத்தையும் அறைப் பணத்தையும் கட்டியதும் 425 மிஞ்சும். கடைசிச் சம்பளம் வந்து, அக்டோபர் செலவும் கழிந்தால், மாத முடிவில் 525 இருக்கும். நவம்பர் வாடகையைக் கொடுத்ததும் 75 ரிங்கிட். நவம்பர் முதல் வாரத்திலேயே பணம் தீர்ந்துவிடும். உதவித்தொகையோ டிசம்பர் இறுதியில் வரக்கூடும். உங்கள் பள்ளம் எந்த வாரத்தில் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. இனிச் செய்வதெல்லாம் அந்த வாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவதுதான்.

படி 4: மூன்று மாத வேலையைத் தேடுங்கள்

சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்திலும் ஜாப்ஸ்திரீட்டிலும் ஒரே நாளில் பதிவு செய்துவிடுங்கள். தன்விவரக் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதுகலையில் இடம் கிடைத்திருப்பதையும், எந்தத் தேதிவரை வேலை செய்ய முடியும் என்பதையும் அதில் வெளிப்படையாகவே எழுதுங்கள். மறைத்தால் வேலை எளிதில் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு கால அளவு குறிக்கப்படாதபோது, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் நான்கு வார முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால், செப்டம்பர் நடுவில் திடீரென்று விலகினால் அந்த நாள்களுக்கான சம்பளத்தை நீங்களே ஈடுகட்ட நேரிடும்.

இணையத்தில் வராத வேலைகளும் உண்டு. மருந்துக் கடை, கணக்காய்வு அலுவலகம், டியூஷன் நிலையம் ஆகியவற்றுக்கு நேரில் போய்க் கேளுங்கள். பசியாறும் நேரம் கழிந்து, காலை பத்து மணிவாக்கில் போனால் முதலாளியைப் பார்க்கலாம். பக்கத்து நகரமான ஈப்போவில் சம்பளம் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் அன்றாடம் மோட்டாரில் போய்வரும் எண்ணெய்ச் செலவை 555 புத்தகத்தில் எழுதிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். 200 ரிங்கிட் கூடுதலாகத் தரும் வேலை, 200 ரிங்கிட் எண்ணெயைக் குடித்துவிடுவது புதிதல்ல.

வேலைக்கு முன்பணம் கேட்பவரையும், காணொளிகளுக்கு விருப்பம் தெரிவித்தால் பணம் என்று டெலிகிராமில் அழைப்பவரையும், உங்கள் வங்கி அட்டையை இரவல் கேட்பவரையும் அப்போதே விலக்கிவிடுங்கள். கடைசி வகையினர் உங்கள் கணக்கை மோசடிப் பணம் கடத்தப் பயன்படுத்துவார்கள். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்கு உரியவரைத்தான். பணம் பறிபோனால் உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணை அழைக்க வேண்டும்.

படி 5: எழுத்தில் வாங்குங்கள்

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்த வேலைக்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். சம்பளம், வேலை நேரம், முன்னறிவிப்புக் காலம் மூன்றையும் படித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். வாரத்துக்கு 45 மணி நேரமே உச்சவரம்பு.

பல்கலைக்கழக ஆய்வு உதவியாளர் பணி கிடைத்தவர்கள் மேற்பார்வையாளரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும்: நியமனக் கடிதம் எந்தத் தேதியிலிருந்து செல்லும், முதல் தொகை பொதுவாக எத்தனை வாரத்தில் வருகிறது, வெளியே பகுதி நேர வேலை செய்ய அனுமதி உண்டா? பேராசிரியரிடம் பணத்தைப் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவு என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான் என் தாள் அந்த மேசையில் அத்தனை நாள் கிடந்தது.

படி 6: 1,775 ரிங்கிட்டைக் கரையுங்கள்

முதலில் கட்டணத்தைப் பிரித்துக் கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பியுங்கள். பாதியைச் செமஸ்டர் நடுவுக்குத் தள்ள முடிந்தால் 1,050 குறைந்து, பற்றாக்குறை 725 ஆகும். அந்தப் பாதி மன்னிக்கப்பட்டதல்ல என்பதால் அதையும் புதிய தேதியோடு இடப்பக்கத்தில் எழுதிவிடுங்கள். அடுத்து, ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதப்போகும் நான்கு பிள்ளைகளுக்கு வார இறுதியில் டியூஷன் நடத்தி, ஆளுக்கு மாதம் 60 ரிங்கிட் வாங்கினால் மூன்று மாதத்தில் 720. ஐந்து ரிங்கிட்தான் குறைகிறது. அதே பிள்ளைகளுக்கு அக்டோபருக்குப் பிறகும் இணையவழி பாடம் நடத்தினால் அதுவும் தீர்ந்துவிடும்.

உதவிநிதிகளையும் விடாதீர்கள். 1984இல் தொடங்கப்பட்ட, ம.இ.கா. கட்சியின் கல்வி அமைப்பான எம்ஐஇடி கல்விக் கடன் வழங்குகிறது. குடும்பத்தில் யாரேனும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினராக இருக்கிறார்களா என்று பாட்டியிடம் கேளுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், நம் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய சங்கம் அது. தகரப் பெட்டியின் அடியில் பழைய பங்குச் சான்று ஒன்று கிடக்கலாம். ஆனால் இவற்றுக்கெல்லாம் பரிசீலனைக் காலம் உண்டு. ஒப்புதல் கடிதம் வரும்வரை அவற்றை வலப்பக்கத்தில் எழுதக் கூடாது.

அக்கம்பக்கத்தில் நடக்கும் கூட்டில் (சீட்டில்) சேர்ந்து முதல் சுற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்வார்கள். 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம், கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதைக் குற்றமாக்கியிருக்கிறது. நடத்துபவர் தலைமறைவானால் புகார் கொடுக்கவும் கூச்சப்படுவீர்கள். உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர், அடைமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது. அதைவிடக் கூடுதலாகக் கேட்பவர் ஆலோங், அதாவது சட்டவிரோத வட்டிக்காரர். அவரோடு பேச்சே வேண்டாம்.

படி 7: புறப்படும் வாரம்

மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும் கோப்பில் வையுங்கள். இபிஎஃப்பின் இணையக் கணக்கான ஐ-அக்காவுனில் நுழைந்து, உங்களிடம் பிடித்த 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஏறாவிட்டால், முதலாளியிடம் நேரில் கேட்கக்கூடிய தூரத்தில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். இபிஎஃப்பில் ஏறும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு நெகிழ்வுக் கணக்குக்குப் போகும். மூன்று மாதத்தில் அது ஏறத்தாழ 120 ரிங்கிட். 50 ரிங்கிட்டிலிருந்து எடுக்கலாம் என்றாலும், நவம்பர் முதல் வாரம் வரும்வரை அதைத் தொடாதீர்கள். கடைசியாக, செப்டம்பர் சம்பளம் எந்த வங்கிக் கணக்கில் விழும் என்பதை முதலாளியிடம் உறுதிசெய்துகொண்டு, 555 புத்தகத்தின் வலப்பக்கத்தில் அக்டோபர் 7 என்று எழுதி, பேருந்து ஏறுங்கள்.