மாத்திரைக்கும் லீவு விடுகிறவர்களுக்கு

நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள் சாயங்காலம் மருந்துக்கடையில் கூட்டம் நெரியும். இந்த முறை வந்தவர்களில் ஒருவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. பிரஷர் மாத்திரை ஆரம்பித்து இரண்டே மாதம். தோளில் பயணப்பை. "மாத்திரை தீர்ந்துடுச்சு, நாலு நாள்தானே, திரும்பி வந்து வாங்கிக்கிறேன். தலைவலிக்கு மட்டும் ஏதாவது குடுங்க" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது, கூடவே சிரிப்பும். இதே வசனத்தை நானும் ஒரு காலத்தில், கவுண்டருக்கு உள்பக்கம் நின்றுகொண்டே, எனக்கு நானே சொல்லிக்கொண்டவன்.

அளவாகச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் செய்யாமல் இருக்கிறோம்.

நிறுத்திய மாத்திரைக்கு 'டென்ஷன்' என்று பெயர் வைப்பது

எனக்குப் பிரஷர் என்று தெரிந்தபோது வயது 41. அடெனோலால் கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் பண்டிகை விடுமுறை வந்தது, வீடு முழுக்க உறவினர்கள். மாத்திரை போட்டால் உடம்பு கொஞ்சம் அசதியாக இருந்தது. போதாக்குறைக்கு, "இந்த வயசுலயே மாத்திரையா?" என்று நாலு பேர் கேட்பார்களே என்ற கூச்சம். சரி, எல்லோரும் கிளம்பட்டும், அப்புறம் தொடரலாம் என்று அட்டையை அலமாரிக்குள் தள்ளினேன்.

மூன்றாம் நாள் ராத்திரி நெஞ்சு படபடவென்று அடித்தது. வியர்வை, கை நடுக்கம். யார் எந்த அறையில் படுப்பது என்கிற அற்ப விஷயத்துக்கு மைத்துனரிடம் கத்தினேன். "நாலு நாளா ஓடிட்டே இருக்கீங்க, அதான்" என்றாள் மனைவி. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. மறுநாள் ஆஸ்பத்திரியில் இருந்த டியூட்டி டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கடைசியா எப்ப மாத்திரை போட்டீங்க?" சொன்னேன். என்ன வேலை என்று அடுத்துக் கேட்டார். அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். பரபரப்பில் சுரக்கிற அட்ரினலின் வந்து தட்டுகிற கதவுகளை இந்த வகை மருந்து அடைத்துவைக்கிறது. உடம்பு சும்மா இருக்குமா? நாளாக நாளாகக் கூடுதல் கதவுகளை உண்டாக்கிக்கொள்கிறது. மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் பழைய கதவு, புதுக் கதவு எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகிடக்கும். வழக்கமான பரபரப்புக்கே இதயம் தலைதெறிக்க ஓடும். இதயக் குழாயில் ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பு வரைக்கும் போகலாம். மெட்டோபுரோலால், புரோப்ரனோலால் என்று 'லால்' என்று முடிகிற பெயர் உங்கள் அட்டையில் இருந்தால் கவனம். குளோனிடின் என்கிற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனம்: அதை நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளிலேயே பிரஷர் எகிறலாம்.

மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் கதையும் இப்படித்தான். பராக்ஸெடின் போன்றவற்றை நிறுத்தினால் சில நாட்களுக்குள் தலைசுற்றல், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல். எல்லாம் சரியாக உறவினர்கள் கூடியிருக்கும் நேரத்தில் வந்து சேரும். வீட்டில் சண்டை வந்தால் பழி உறவினர்கள் மேல் விழும். அலமாரிக்குள் கிடக்கிற அட்டை யார் நினைவுக்கும் வராது. அதனால் விடுமுறையில் உடம்போ மனமோ திடீரென்று தறிகெட்டால், மன அழுத்தம் என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லா மாத்திரையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். தைராய்டு மாத்திரையின் மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஒரு நாள் விட்டதற்காக அழ வேண்டாம். இன்சுலின், வலிப்பு மருந்து, நீண்ட நாள் எடுக்கும் ஸ்டீராய்டு ஆகியவற்றில் இந்தத் தாராளம் கிடையாது. விட்டதைச் சேர்த்து இரண்டாகப் போடுவதும் வேண்டாம்.

டாக்டருக்கும் விடுமுறை உண்டு. ஒரு வாரம் முன்பே எண்ணி வாங்குங்கள், மூன்று நாளுக்குக் கூடுதலாக. விமானத்தில் போகிறவர்கள் மருந்தைக் கைப்பையில் வையுங்கள். சரக்குப் பகுதியில் இன்சுலின் உறைந்துபோகலாம், உறைந்தது உதவாது.

பயண நாளில் நீர் மாத்திரையை விடுவது

வழியில் கழிப்பறை கிடைக்காது என்ற பயம், நியாயமானதுதான். அதற்காக விட்டுவிடாதீர்கள். போய்ச் சேர்ந்த பிறகு போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் வழி சொல்வார்.

அடுத்தவர் தூக்க மாத்திரை

கூடாது. மது குடித்த ராத்திரியில் கூடவே கூடாது.

வருஷத்துக்கு ஒருமுறை குடிப்பது

"எப்பவாவதுதானே" என்பார்கள். எப்போதாவது குடிப்பவர் ஒரே ராத்திரியில் அளவு மீறும்போதும் இதயத் துடிப்பு தாளம் தப்பலாம். 1978-லேயே மருத்துவர்கள் இதற்கு 'ஹாலிடே ஹார்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எடை மெஷின் பயம்

2000-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆண்டு இறுதி விடுமுறைக் காலத்தில் கூடிய எடை சராசரியாக 0.37 கிலோதான். தங்களுக்கு எவ்வளவு கூடியது என்று ஆய்வில் கலந்துகொண்டவர்களே நினைத்துக்கொண்டது அதைவிடப் பல மடங்கு. ஆனால் அந்தக் கொஞ்சம் அடுத்த வருடமும் இறங்கவில்லை. பட்டினி கிடக்க வேண்டாம், மெதுவாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விருந்தாளிகள் போகட்டும் என்று நெஞ்சுவலியைத் தாங்குவது

ஸ்வீடனில் 1998 முதல் 2013 வரையிலான மாரடைப்புகளைக் கணக்கெடுத்தபோது, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளில் ஆபத்து 37 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆம்புலன்ஸுக்கு விடுமுறை இல்லை. கூப்பிடுங்கள்.

தலைவலிக்கு 'ஏதாவது'

அலைச்சலில் வருகிற தலைவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் என்று கையில் கிடைத்ததைப் போடுகிறார்கள். இவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும். சில வகைப் பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் சேர்த்து எடுப்பவருக்குச் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கலாம். மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகள் பலவும் பிரஷரை ஏற்றக்கூடியவை.

அந்தப் பையனிடம் இதைத்தான் சொன்னேன். பிரஷர் மாத்திரையில் ஒரு அட்டை எடுத்துக்கொடுத்தேன். தலைவலி எதனால் என்று தெரியட்டும், ஒரு நிமிஷம் உட்காருங்க, பிரஷர் பார்த்துடலாம் என்றேன். அட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டே, "பஸ் போயிடும் சார்" என்றார்.