ஒரே உயிரோடு பாத் ஆஃப் எக்ஸைல்: ஹார்ட்கோருக்குப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி. கேம்களில் (ஒரு கேரக்டரை வளர்த்துக்கொண்டே எதிரிகளை அடித்து முன்னேறும் கேம்கள்) சாதாரண முறை, அதாவது சாஃப்ட்கோர், என்றால் செத்தாலும் எழுந்து ஓடலாம். ஹார்ட்கோர் என்றால் ஒரே உயிர். 2000-இல் வந்த டயப்லோ 2-இல் அந்த உயிர் போனால் அந்தக் கேரக்டரின் கதை அவ்வளவுதான். இங்கே நான் எடுத்துக்கொள்வது பாத் ஆஃப் எக்ஸைல். நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013-இல் வெளியிட்டது, இலவசம். புதியவர்களிடம் கொஞ்சம் இரக்கமும் உண்டு: ஹார்ட்கோரில் செத்த கேரக்டர் அழிந்துபோகாது, மேலே போட்டிருந்ததோடு ஸ்டாண்டர்டு லீக்குக்கு, அதாவது சாதாரண முறைப் பிரிவுக்கு, போய்விடும். திரும்பி வர மட்டும் முடியாது.

படி 1: முதலில் சாஃப்ட்கோரில் சாகுங்கள்

நேராக ஹார்ட்கோரில் குதிக்காதீர்கள். சாதாரண முறையில் முதல் ஐந்து ஆக்ட் (கதையின் பாகம்) வரை செத்தால் அனுபவப் புள்ளி குறையாது. அதன் பிறகு ஒவ்வொரு சாவுக்கும் 5%, பத்தாவது ஆக்டையும் முடித்துவிட்டால் 10% போகும். அப்போதும் லெவல் இறங்காது. ஆகவே முதல் ஐந்து ஆக்டில் சாவு இலவசப் பாடம். ஒரு நோட்டு எடுத்து, எது கொன்றது என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள். என் நோட்டில் பாதி வரிகள் 'நின்ற இடத்திலேயே நின்றேன்' என்றுதான் இருந்தன.

படி 2: தள்ளி நின்று அடிக்கும் பில்டு

பில்டு என்றால் கேரக்டரை வளர்க்கும் திட்டம். நட்டுவைத்தால் தானே அடிக்கும் டோட்டமோ, எலும்புக்கூட்டுப் படையோ, உங்களுக்கும் எதிரிக்கும் நடுவில் ஏதாவது ஒன்று நிற்கட்டும். பாஸை (பெரிய எதிரியை) மூன்று நொடியில் சாய்க்கும் பில்டு வீடியோக்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அவை பெரும்பாலும் சாஃப்ட்கோர்க்காரர்களுக்கானவை. பேஸிவ் மரத்தில் (லெவல் ஏறும்போது நிரந்தர பலன்களைத் தேர்ந்தெடுக்கும் வரைபடம்) லைஃப் கூட்டும் வட்டங்கள் பக்கத்தில் வந்தால் விடாதீர்கள்.

படி 3: ரெசிஸ்டன்ஸ் கணக்கு

இந்த ஒரு படியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். நெருப்பு, குளிர், மின்னல் மூன்றுக்கும் ரெசிஸ்டன்ஸ் (அடியைத் தடுக்கும் சதவீதம்) உச்சவரம்பு 75%. அதாவது 100 அடி வந்தால் உங்கள் மேல் 25 விழும். அது 60% ஆகக் குறைந்தால்? 'பதினைந்துதானே' என்று தோன்றும். ஆனால் விழுவது 40. முன்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்.

ஐந்தாம் ஆக்டின் கடைசியில் கிடாவா என்ற பாஸை வீழ்த்தியதும் மூன்றிலும் 30 நிரந்தரமாகக் கழிந்துவிடும். 75-ஐத் தொட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவர் 45-க்கு வந்துவிடுவார். 25 விழுந்த இடத்தில் 55 விழும். பத்தாம் ஆக்ட் முடிவில் இன்னொரு 30 போகும். அதனால் கிடாவாவிடம் போகுமுன் கேரக்டர் பேனலைத் திறந்து, 75%-க்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணை, அதாவது உச்சவரம்பு இல்லாத மொத்தத்தை, பாருங்கள். அங்கே 105 இருந்தால் கவலையில்லை.

என் முதல் ஹார்ட்கோர் கேரக்டர் அந்த எண்ணைப் பார்க்காமல் ஆறாம் ஆக்டுக்குப் போனது. கேம் தொடங்கும் அதே ட்விலைட் ஸ்ட்ராண்டு கடற்கரைதான் அங்கேயும். லெவல் ஒன்றில் தடுமாறி எழுந்த மணலிலேயே லெவல் நாற்பத்து மூன்றில் விழுந்தேன்.

ஆரம்பத்தில் சிக்கனமாகச் சமாளிக்க ஒரு வழி: முதல் ஆக்டின் கடைசி பாஸ் மெர்வெயில் குளிரால் அடிப்பவள். ஓர் இரும்பு மோதிரத்தையும் பச்சை ஸ்கில் ஜெம் (திறன் தரும் கல்) ஒன்றையும் சேர்த்துக் கடைக்காரரிடம் விற்றால் குளிரைத் தாங்கும் சஃபயர் மோதிரம் கிடைக்கும். இரண்டு கைக்கும் போட்டுக்கொண்டு போங்கள்.

படி 4: ஓடிப்போகப் பழகுங்கள்

எஸ்கேப் விசை, அப்புறம் கேரக்டர் தேர்வுத் திரைக்கு வெளியேறும் பொத்தான். இந்த கேமில் காத்திருப்பு கிடையாது, உடனே வெளியே வந்துவிடுவீர்கள். 'இது ஏமாற்று வேலை' என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2023-இல் வந்த டயப்லோ 4, ஹார்ட்கோரில் தப்பிப்பதற்கென்றே ஒரு சுருளைக் கொடுத்திருக்கிறது. முதல் கடற்கரையிலேயே பத்துத் தடவை செய்து பாருங்கள். லைஃப் பாதிக்கு இறங்கியதும் கை போக வேண்டும். கால்வாசி ஆகட்டும் என்று காத்திருந்தால் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

படி 5: கரண்டும் லைனும்

மழை நாளிலும் வைஃபை திணறும் நேரத்திலும் பாஸ் பக்கம் போக வேண்டாம். தாமதம் குறைந்த சர்வரை உள்நுழையும் திரையில் தேர்ந்தெடுங்கள். குக்கர் விசில் அடித்தால் முதலில் போர்ட்டல் போட்டு டவுனுக்குப் போங்கள், பிறகு எழுந்திருங்கள். 'ஒரு நிமிஷம்தானே' என்று நடுக்காட்டில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய் நானே ஒரு கேரக்டரை இழந்திருக்கிறேன்.

படி 6: செத்த பிறகு

சாவீர்கள், சரி. மேலே போட்டிருந்ததும் பையில் இருந்ததும் கேரக்டரோடு ஸ்டாண்டர்டுக்குப் போய்விடும். ஹார்ட்கோர் ஸ்டாஷில் (சேமிப்புப் பெட்டி) வைத்தது அங்கேயே இருக்கும். அதனால் விளையாடும்போதே லைஃப் உள்ள பூட்ஸ், ரெசிஸ்டன்ஸ் மோதிரம் என்று சின்ன லெவல் சாமான்களை ஸ்டாஷில் போட்டு வாருங்கள். அடுத்த கேரக்டருக்கு அதுதான் சீர்வரிசை. அதை உருவாக்கும்போது லீக் ஹார்ட்கோர்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கோபத்தில் அவசரமாக உருவாக்கி, லெவல் பன்னிரண்டு வரை பயந்து பயந்து ஆடிய பிறகுதான் நான் சாஃப்ட்கோரில் இருப்பதைக் கவனித்தேன்.