இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தால்: பி.பி.ஏ. சேர்பவர்களுக்கு

ப்ளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்து வீடுகளில் ஒரே பேச்சுதான். பி.பி.ஏ. என்னும் வணிக நிர்வாக இளநிலைப் பட்டம் படிக்க நாகர்கோவிலிலும் இடம் கிடைத்திருக்கிறது, திருவனந்தபுரத்திலும் கிடைத்திருக்கிறது; எதில் சேர்ப்பது? கல்லூரியின் பெயர் எவ்வளவு பழையது என்பதை விட, பிள்ளை சேரவிருக்கும் துறை எப்படி நடக்கிறது என்பதையே பார்க்க வேண்டும்.

முதலில் பட்டத்தின் அமைப்பைக் கேட்டறியுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. அங்கு இது மூன்றாண்டுப் படிப்பு. களியக்காவிளையைத் தாண்டினால், கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024 முதல் நான்காண்டு ஆனர்ஸ் முறை வந்துவிட்டது. மூன்றாண்டு முடித்துப் பட்டத்துடன் வெளியேறவும் அதில் வழி உண்டு. 2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் வரம்பிற்குள் வந்திருப்பதால், அதன் ஒப்புதல் கடிதத்தையும் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அதிக நேரம் செலவிட வேண்டியது வேலைவாய்ப்பு விவரத்தில்தான். வாசலில் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸில் ஐந்து முகங்களும் ஒரு பெரிய ஊதியத் தொகையும் இருக்கும். அந்தத் தொகை ஒரே ஒருவருக்குக் கிடைத்ததாக இருக்கலாம். மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களுடைய இடைநிலை ஊதியம் (பாதிப் பேர் அதற்கு மேலும் மீதிப் பேர் அதற்குக் கீழும் பெறும் தொகை) என்ன என்ற விவரங்களைத் தம் இணையதளத்தில் வெளியிடுகின்றன. ஆனால் அது எல்லாத் துறைகளையும் சேர்த்த கணக்கு. கணினி அறிவியல் மாணவர்களின் வேலையும் அதில் கலந்திருக்கும். ஆகவே கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழுவிற்காகத் தயாரித்த, வேலை பெற்ற மாணவர்களின் பட்டியலைத் தேடி எடுத்து, பி.பி.ஏ. என்று குறித்த வரிகளை மட்டும் பேனாவால் கோடிட்டு எண்ணுங்கள். அறுபது பேர் படித்த வகுப்பில் எட்டு வரிகள்தான் தேறினால், மீதி ஐம்பத்திரண்டு பேர் எங்கே போனார்கள் என்று துறைத் தலைவரிடம் நேரில் கேட்கலாம். மேற்படிப்புக்குப் போனார்கள் என்பதும் நல்ல பதில்தான். எங்கே என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டணத்தை ஒப்பிடும்போது இடம் அரசு உதவி பெறும் பிரிவிலா, சுயநிதிப் பிரிவிலா என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரே கல்லூரிக்குள்ளேயே இரண்டுக்கும் இடையில் வேறுபாடு பெரிது. விடுதிச் செலவையும், குழித்துறையிலிருந்து தினமும் ரயிலேறினால் ஆகும் அலைச்சலையும் இத்துடன் கூட்டிப் பாருங்கள்.

சேர்க்கை நாளில் மூலச் சான்றிதழ்களைக் கேட்டால், சரிபார்த்தவுடன் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரி அவற்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கை கூறுகிறது. இரண்டாவது கல்லூரியிலிருந்து தாமதமாக அழைப்பு வந்தால் அந்தத் தாள்கள் உங்கள் கையில் இருந்தாக வேண்டும்.