ஓடைப் பூச்சிகளின் வாயைப் பார்ப்பது எப்படி?

தாமிரபரணியில் தண்ணீர் சலசலத்து ஓடும் இடத்தில் ஒரு கூழாங்கல்லைப் புரட்டுங்கள். அடியில் இளம்பூச்சிகள் நெளியும். எது என்ன தின்கிறது என்பதை அதன் வாயே சொல்லிவிடும். ஆல்கஹாலில் ஊறவைத்த பூச்சி வேண்டாம், உயிரோடு பாருங்கள்.

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், வெள்ளைத் தட்டு, அடிப்பக்கம் தெளிவான பிளாஸ்டிக் டப்பா, மெல்லிய தூரிகை, டீ வடிகட்டி, கரண்டி போதும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை மாசியில் நீர் தெளிந்ததும் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கணுக்கால் ஆழத்தில் தேடலாம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது. பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் ஆற்றின் மட்டம் ஏறும், கவனம்.

கல்லைத் தூக்குமுன் குனிந்து பாருங்கள். கற்களின் இடுக்கில் சிறு வலை ஒன்று நீரோட்டத்தை எதிர்கொண்டு விரிந்திருக்கலாம். கேடிஸ் ஈ (caddisfly) என்ற பூச்சியின் புழு தன் கீழுதட்டிலிருந்து வரும் பட்டிழையால் நெய்தது. அதில் சிக்குவதே அதற்கு உணவு. கல்லை வெளியே எடுத்துவிட்டால் வலை சுருண்டுவிடும்.

அடுத்து, கல்லோடு ஒட்டிய, மே ஈ (mayfly) என்ற பூச்சியின் தட்டையான இளம்பூச்சியைத் தூரிகையால் டப்பாவுக்கு மாற்றுங்கள். மேலிருந்து கண்கள் மட்டுமே தெரியும். டப்பாவை உயர்த்தி, கீழிருந்து லென்ஸ் வழியாகப் பாருங்கள். வாயோரம் அடர்ந்த மயிர்கள், பாசியை வழித்தெடுக்கும் தூரிகைபோல.

வேகமான நீரில் கிடக்கும் இலையில் பின்முனையால் ஒட்டி நிற்பது கருப்பு ஈ (blackfly) என்ற சிறு பூச்சியின் புழு. தலையில் இரண்டு விசிறிகள், நுண்துகள்களை வடிகட்ட. தட்டில் விட்டதும் மடக்கிக்கொள்ளும். கரண்டியால் நீரைச் சுழற்றிவிட்டுக் காத்திருங்கள்.

தும்பியின் இளம்பூச்சிக்கு நேரம் ஒதுக்குங்கள். எனக்கு இதைப்போல் வேறொன்றும் பிடித்ததில்லை. கரையோரச் சேற்றை வடிகட்டியால் அள்ளினால் கிடைக்கும். தாடையே தெரியாது. நீண்ட கீழுதடு முழங்கைபோல் மடிந்து தலைக்கு அடியில் கிடக்கும். சில வகைகளில் அதன் நுனி அகப்பைபோல் விரிந்து முகத்தையே மூடியிருக்கும். அரை மணி நேரம் அசைக்காமல் வைத்து, வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு கொசுப்புழுவை அதன் முன் விடுங்கள். தலை மெல்லத் திரும்பும். உதடு பாய்ந்து திரும்புவதை நம் கண்ணால் பிடிக்க முடியாது. எதிரே நெளிந்த கொசுப்புழு வாயில் இருக்கும், அவ்வளவுதான். நுனிக் கொக்கிகள் இரையை இறுக்கிப் பிடிக்க, மறைந்திருந்த தாடைகள் மெல்லத் தொடங்கும். இப்போது லென்ஸை வையுங்கள், அவசரமில்லை, சாப்பிடும்போது அது நகராது.

முடிந்ததும் எடுத்த இடத்திலேயே விடுங்கள். ஓடும் நீருக்குப் பழகியவை தேங்கிய நீரில் மூச்சுக்குத் திணறும்.