நேன் மதிப்பையும் தொடக்க மதிப்பு பெறாத மாறியையும் கண்டறிதல்

கூட்டுத்தொகை வர வேண்டிய இடத்தில் ‘நேன்’, அதாவது ‘எண் அல்லாதது’, என்று திரையில் வந்து நின்றால், பிழை பெரும்பாலும் அந்த வரியில் இருப்பதில்லை. பல வரிகளுக்கு முன்னால் மதிப்பு தரப்படாமல் விடுபட்ட ஒரு மாறியில் இருக்கக்கூடும். ஜாவாஸ்கிரிப்டில் அதைத் தேடிப் பிடிக்கும் முறையைப் பார்ப்போம்.

முதலில், உலாவியில் கட்டளைகளை எழுதி இயக்கிப் பார்க்கும் கன்சோலைத் திறந்து, ‘லெட்’ கட்டளையால் மொத்தம் என்றொரு மாறியை மட்டும் அறிவியுங்கள். மதிப்பு எதையும் கொடுக்க வேண்டாம். (மாறியின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே இடலாம், ஜாவாஸ்கிரிப்ட் அதை ஏற்கும்.) அடுத்த வரியில் மொத்தம் + 40 என்று எழுதி என்டர் தட்டினால், 40 வராது, நேன் வரும். மதிப்பு பெறாத மாறியில் ‘அன்டிஃபைன்ட்’, அதாவது ‘வரையறுக்கப்படாதது’, இருக்கிறது. கூட்டலுக்காக அதை எண்ணாக மாற்றும்போது கிடைப்பது நேன். அதன்பின் அதனோடு எந்த எண்ணைக் கூட்டினாலும் பெருக்கினாலும் நேன்தான்.

இனி சோதனை. விடையை நேனுடன் === குறியால் ஒப்பிடத்தான் முதலில் தோன்றும்; அது எப்போதும் பொய் என்றே சொல்லும். பின்ன எண்களைக் கணினி கையாளும் முறையை வரையறுக்கும், 1985-இல் வெளியான ஐஇஇஇ 754 தரநிலையின்படி நேன் எதற்கும் சமமன்று, தனக்கே கூடச் சமமன்று. இந்த விந்தையே ஒரு சோதனையாகவும் பயன்படும்: விடை !== விடை (விடை தனக்கே சமமன்று) என்பது உண்மையானால், உள்ளே இருப்பது நேன். ஆயினும் படிப்பவர் இதை எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடக்கூடும் என்பதால், 2015-இல் மொழியில் சேர்ந்த ‘நம்பர்.இஸ்நேன்’ சார்பையே நான் பரிந்துரைப்பேன். பழைய ‘இஸ்நேன்’ சார்பு, தன்னிடம் வருவதை முதலில் எண்ணாக மாற்றிவிட்டுத்தான் சோதிக்கும். ஆகவே ‘வணக்கம்’ என்ற சரத்துக்கும் அன்டிஃபைன்டுக்கும் அது உண்மை என்றே சொல்லி, வெவ்வேறு பிழைகளை ஒன்றாக்கிக் காட்டும். ‘டைப்ஆஃப்’ கொண்டு வகையைப் பார்ப்பதும் இங்கே உதவாது. நேனின் வகை எண் என்றே அது சொல்லும்.

மாறியைக் கணக்கில் சேர்ப்பதற்கு முன்பே, அது அன்டிஃபைன்டுக்குச் சமமா என்று === குறியால் சோதியுங்கள்; கணக்கு முடிந்தபின் நேன் சோதனையை வையுங்கள். வரிசை மாறினால் நேன் வந்தது தெரியும், எங்கிருந்து வந்தது என்பது தெரியாது.

சி மொழியில் இந்த முதல் சோதனைக்கே வழியில்லை. சார்புக்குள் தொடக்க மதிப்பின்றி அறிவித்த சாதாரண மாறியில் நினைவகத்தில் முன்பு கிடந்த ஏதோவொன்று இருக்கலாம். அது சரியான எண்ணைப் போலவே தோன்றவும் கூடும். அங்கே கம்பைலரின் எச்சரிக்கைகளையும் நினைவகப் பிழைகளைக் கண்டறியும் வால்கிரைண்ட் போன்ற கருவியையும்தான் நம்ப வேண்டும்.